கம்பவுண்டர் குற்றாலத்துக்கு ஓர் அறை

ஜூன் 4, ஞாயிறு

முன்னறையைக் காலி செய்தேன். பதினான்குக்குப் பதினொன்று அடி. வடக்குச் சுவரில் மட்டும் ஓதம். மனைவி உலகம்மையின் தையல் மிஷினைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஓர் ஆளைக் கூப்பிட்டிருக்கலாம்.

இந்த நோட்டில் இனி அருங்காட்சியகம் சம்பந்தமான விவரங்கள் மட்டும் எழுதுவதென்று தீர்மானம். முப்பத்தாறு வருடம் சர்வேயராக இருந்தவனுக்கு அன்றன்று எழுதி வைக்காமல் வேலை ஓடாது.

நோக்கம்: அம்பாசமுத்திரத்தில் கம்பவுண்டர் குற்றாலத்துக்கு ஓர் அருங்காட்சியகம். குற்றாலம் உயிரோடு இருந்தவர் அல்ல. எழுத்தாளர் சங்கரபாகம் ஒரு வாரப் பத்திரிகையில் ஒன்பது வருடம் எழுதிய கதைகளில் வருகிறவர். தாலுகா ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக்கொண்டே, வரிசையில் நிற்பவர்கள் பேசுவதைக் கேட்டு, காணாமல் போன ஆட்டிலிருந்து மொட்டைக் கடுதாசி வரை கண்டுபிடித்துவிடுவார். கதையில் ஊர்ப்பெயர் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஆற்றுப்பாலம் நானூற்றுப் பன்னிரண்டு காலடி என்று ஓரிடத்தில் வருகிறது. நடந்து பார்த்தேன். நானூற்று இருபது. என் கால் கொஞ்சம் குட்டை. ஆகவே இது நம் ஊர்தான்.

எதற்கு இந்த வேலை என்று மருந்துக்கடையில் கேட்டார்கள். ஊருக்கு ஒரு பெருமை என்றேன்.

ஜூன் 6, செவ்வாய்

மகள் தமயந்திக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 9, வெள்ளி

சங்கரபாகம் காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவர் மகன் சென்னையில் இருக்கிறார். எண் கிடைக்கவே நான்கு நாள் ஆயிற்று.

"அப்பாவோட கேரக்டருக்கு மியூசியமா? தாராளமா செய்யுங்க சார். ஆனா எங்ககிட்ட ஒரு இதழ்கூட இல்ல. வெள்ளத்துல எல்லாம் போயிடுச்சு. நூத்திப் பதினேழு கதை எழுதினார். புத்தகமா வந்தது இருபத்திமூணுதான்" என்றார். பிறகு, "அந்தக் காலத்துல வாரா வாரம் கிழிச்சு பைண்ட் பண்ணி வெச்ச வீடுகள் உண்டு. உங்க ஊர்லயே விசாரிச்சுப் பாருங்களேன்."

விசாரிக்கிறேன் என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு செட் இருந்தது. இப்போது இல்லை.

ஜூன் 21, புதன்

இதுவரை நான் குற்றாலம் கதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். புத்தகமாக வந்த அந்த இருபத்துமூன்றைத் திருநெல்வேலியில் பழைய புத்தகக் கடையில் பிடித்தேன். ஒரு வாரமாகப் படிக்கிறேன். காலையில் இரண்டு, சாயங்காலம் ஒன்று.

பெரிய துப்பறியும் திறமை ஒன்றும் தெரியவில்லை. ஒரு கதையில் எண்ணிப் பார்த்தேன். பதினோரு பக்கத்தில் குற்றாலம் நாற்பத்திரண்டு முறை "ம்" என்கிறார். வந்தவள் தன் கதையை எல்லாம் தானே சொல்லிவிடுகிறாள். இதற்குப் போய்…

ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. எழுந்து போக வேண்டியதாயிற்று.

ஜூன் 28, புதன்

குற்றாலத்தின் வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்தேன். டெய்லர் இசக்கி, "ஆளக் கூட்டியாங்க அண்ணாச்சி, அளவெடுக்கணும்லா" என்றான். ஆள் இல்லை, கதையில் வருகிறவர் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"அப்ப உங்க அளவுக்கே தச்சிருவமா?"

"வேண்டாம். அவர் உயரம்."

மருந்தறை நிலைவாசலில் குனிந்துதான் நுழைவார் என்று மூன்று கதைகளில் வருகிறது. பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் நிலை இன்றும் இருக்கிறது. அளந்தேன். அதன்படி ஐந்தடி பத்து அங்குலத்துக்குக் குறையாது. நான் ஐந்தடி நாலு.

ஜூலை 5, புதன்

கண்ணாடிக் குப்பிகள் பன்னிரண்டு. மருந்தின் அளவு காட்ட, பக்கவாட்டில் வெட்டி ஒட்டிய காகிதப் பட்டையோடு. சைக்கிள் ஒன்று, பின்னால் மட்கார்டு இல்லாமல். நோயாளி உட்காரும் முக்காலி. சுவரில் ஊர்ப்படம், குற்றாலம் நடந்த இடங்களுக்கு எண் போட்டு, நானே வரைந்தது. படம் நன்றாக வந்திருக்கிறது. யாரிடமாவது காட்டலாம் என்று வாசல்வரை வந்தேன். வெயில். தெருவில் ஆள் இல்லை.

ஜூலை 16, ஞாயிறு

திறந்தாயிற்று. காலை பத்து மணி. பஸ் ஸ்டாண்டில், பள்ளிக்கூடங்களில், ரயில் நிலையத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். லோக்கல் கேபிளில் மூன்று நாள் விளம்பர வரி ஓடியது.

பார்வையாளர் நான்கு பேர். இரண்டு பேர் பலகையில் "குற்றாலம்" என்பதைப் பார்த்து, மூலிகை எண்ணெய் மசாஜ் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். ஒருவர் குற்றாலத்துக்கு எந்த பஸ் என்று கேட்டார். நாலாவது ஆள் முதுகுவலிக்காரர். அவருக்கு முக்காலியைப் போட்டேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

தமயந்திக்கு அழைப்பிதழ் கோயம்புத்தூர் முகவரிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருந்தேன். சேர்ந்ததற்கு ஒப்புகை வந்திருக்கிறது. அவள் கையெழுத்துதான்.

ஜூலை 19, புதன்

பார்வையாளர்: இல்லை.

ஜூலை 22, சனி

பார்வையாளர்: இல்லை. பிரஷர் மாத்திரை தீர்ந்தது.

ஜூலை 27, வியாழன்

இன்று ஒரு பார்வையாளர். உண்மையான பார்வையாளர்.

நூருன்னிசா என்று பெயர். ஊர் நூலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். முக்கால் மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சைக்கிளுக்கு முன்னால் நின்று சிரித்தார். கோட்டைப் பார்த்து, "பாக்கெட்டுல இங்க் கறை இருக்கணுமே அண்ணாச்சி. இடது பக்கம்" என்றார். எந்தக் கதை என்றேன். புத்தகத்தில் வராத கதை. ரயில்வே கேட் கீப்பரின் மகள் காணாமல் போவது. முழுக்கதையையும் நின்றபடியே சொன்னார். அறுபதுக்கு மேல் கதைகள் மனப்பாடமாம்.

பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"இது உலகம்மக்கா வீடுல்லா? அவ்வோ வியாழக்கிழமை தவறாம லைப்ரரிக்கு வருவாவ. பத்திரிகை வந்ததும் எங்க ரெண்டு பேருக்கும் குற்றாலத்தப் பத்தித்தான் பேச்சு. அப்படிச் சிரிப்பாவ! திடீர்னு ஒரு நாள் நின்னுட்டாவ. அப்புறம் வரவே இல்ல."

நான் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அவ்வோ ஆறு வால்யூம் பைண்டு பண்ணி வச்சிருந்தாவளே. நாந்தான் பைண்டர்ட்ட கொடுத்து வாங்கினேன். பச்சைக் காலிகோத் துணி அட்டை. அத ஏன் வைக்கலை?"

"கரையான் அரித்துவிட்டது" என்றேன்.

"அடப்பாவமே" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூலை 28, வெள்ளி

கரையான் இல்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

நூருன்னிசா மறுபடி வந்தார். இனி வியாழன்தோறும் வந்து ஒரு கதை சொல்வதாகவும், நான் எழுதி வைத்துக்கொள்வதாகவும் ஏற்பாடு. இன்று சொன்னது மாவு மில் கதை. வேகமாகச் சொல்கிறார், என் கை ஓடவில்லை. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்த இடத்துல உலகம்மக்கா என்ன சொல்லுவாவ தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன். அவர் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன். வேடிக்கையாகத்தான் இருந்தது. உலகம்மைக்கு வேடிக்கையாகப் பேச வரும் என்று நாற்பத்தைந்து வருடத்தில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 5, சனி

உள்ளூர்ப் பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர். அறை கொள்ளவில்லை, இரண்டு பிரிவாக விட்டேன். ஒரு பெண்பிள்ளை, "இவர் நெசமாவே செத்துட்டாரா தாத்தா?" என்று கேட்டாள். பிறக்கவே இல்லை என்றேன். "அப்ப இதெல்லாம் யார் சாமான்?" என்றாள்.

நல்ல கேள்வி. ஆசிரியை அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 12, சனி

காலையிலிருந்து மழை. யாரும் வரப்போவதில்லை. அருங்காட்சியக விவரம் மட்டும் என்று தொடங்கிய நோட்டு இது. இதுவும் அதைச் சேர்ந்த விவரம்தான்.

1984இல் உலகம்மைக்கு ஏழாம் மாதத்தில் ஓர் ஆண்குழந்தை இறந்து பிறந்தது. நான் கடையம் பக்கம் சர்வே கேம்ப்பில் இருந்தேன். சேதி வந்து நான் வீடு சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நான்கு நாள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். மறுநாள் கேம்ப்புக்குத் திரும்பிவிட்டேன். பாதி அளந்த நிலத்தை விட்டுவிட்டு வந்திருந்தேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அது ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

1987 ஜூலையில், மூன்று வாரம் கேம்ப்பில் இருந்துவிட்டு ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். பின்வாசல் வழியாகக் கால் கழுவ வந்தவன் அடுப்படியில் பேச்சுக்குரல் கேட்டு நின்றேன். உலகம்மை அரிசி களைந்துகொண்டிருந்தாள். மேடையில் அந்த வாரப் பத்திரிகை விரித்து வைத்திருந்தது. வேறு யாரும் இல்லை.

"கேட்டீங்களா கம்பவுண்டரய்யா" என்றாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். பிள்ளையைப் பற்றி. தலைமயிர் எப்படி இருந்தது, விரல் எப்படி இருந்தது, மருத்துவச்சி எந்தத் துணியில் சுற்றினாள், எல்லாம். பிள்ளைக்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். அப்படி ஒரு பெயர் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. நடுநடுவே நிறுத்தி, அந்த ஆள் பதில் சொல்வதுபோல் காத்திருந்தாள். பிறகு தொடர்ந்தாள். அழவில்லை. பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுவதுபோல், சில இடங்களில் சின்னச் சிரிப்போடுகூட.

நான் கால் கழுவாமல் தெருவழியாகச் சுற்றி முன்வாசலுக்கு வந்து, அப்போதுதான் வந்தவன்போல் கூப்பிட்டேன்.

மறுநாள் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது ஆறு தொகுதிகளும் அலமாரியிலிருந்து வெந்நீர் அடுப்புக்கு வந்தன. காலிகோ அட்டை லேசில் பிடிக்கவில்லை. தாள் நன்றாக எரிந்தது. அண்டா வெந்நீர் கொதித்து வழிந்தது. அவள் திரும்பி வந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரமே பேப்பர்காரனிடம் பத்திரிகை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு முப்பத்தைந்து வருடம் சமைத்தாள், துவைத்தாள், தைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சென்ற வருடம் பங்குனியில் போய்ச் சேர்ந்தாள்.

இல்லாத ஒரு ஆளிடம் எனக்கு அவ்வளவு கோபம். ஆள் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

மழை விட்டுவிட்டது. வடக்குச் சுவரில் ஓதம், வெள்ளைக் கோட்டு மாட்டிய உயரத்துக்கும் மேல் ஏறியிருக்கிறது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

தச்சனிடம் சொல்லிக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அலமாரி வாங்கினேன். ஆறு தொகுதிகள் நிற்கும் அகலம். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. கீழே அட்டை:

"கம்பவுண்டர் குற்றாலம் கதைகள். ஆறு தொகுதிகள். ஒவ்வொரு வாரமும் சேர்த்துக் கட்டிவைத்தவர் உலகம்மை. 1987 ஜூலையில் எரித்தவர் அவர் கணவர் ஐயம்பெருமாள், இவ்வில்லத்தின் உரிமையாளர்."

மூன்று முறை எழுதிப் பார்த்தேன். எழுத்து கோணியது. நாலாவது சரியாக வந்தது.

ஆகஸ்ட் 17, வியாழன்

நூருன்னிசா வந்தார். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். அவர் அலமாரியின் அட்டையை இரண்டு முறை படித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மழை இல்லை. குடையை விரிக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

வரவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

போன வாரம் ஒரு பத்திரிகை நிருபர் வந்து படமெடுத்துப் போயிருந்தார். இன்று மாவட்டப் பக்கத்தில் வந்திருக்கிறது. சைக்கிளும் கோட்டும் பெரிதாக. ஓரத்தில் காலி அலமாரி. அட்டையின் எழுத்து கண்ணாடி போட்டுப் பார்த்தால் படிக்க முடிகிறது.

ஒன்பது பேர் வந்தார்கள். தென்காசிப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், அட்டையைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதானா?"

"ஆமா."

"எழுதி ஒட்டிட்டா ஆச்சா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 31, வியாழன்

நூருன்னிசா வந்தார். முக்காலியில் உட்கார்ந்தார். அலமாரிப் பக்கம் பார்க்கவில்லை.

"உங்ககிட்ட பேச எனக்கு இஷ்டமில்லை அண்ணாச்சி. ஆனா எனக்கும் வயசாவுது. நான் போயிட்டா கதையும் போயிரும். உலகம்மக்காவுக்காகச் சொல்லுதேன். எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன். தபால்காரன் கதை. முடித்ததும் எழுந்து போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

செப்டம்பர் 6, புதன்

தமயந்தி போன் செய்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு. யாரோ அந்தப் பத்திரிகைப் படத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"அந்த அட்டை நீங்களா எழுதினீங்க?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை வாரேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 8, வெள்ளி

பின்கட்டு அறையைக் கழுவினேன். தலையணை உறை புதிது. அவளுக்குக் காரம் ஆகுமா ஆகாதா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலை எட்டே காலுக்கு வந்தாள். காதோரம் நரைத்திருக்கிறது. நாற்பத்திரண்டு வயது. காப்பி போடட்டுமா என்றேன். அப்புறம் என்றாள். பையைத் தோளிலிருந்து இறக்காமல் நேராக முன்னறைக்குள் போனாள். சைக்கிள், கோட்டு, படம் எதையும் பார்க்கவில்லை. அலமாரிக்கு முன்னால் நின்று அட்டையைப் படித்தாள்.

"தப்பா எழுதியிருக்கீங்க" என்றாள்.

"எது?"

"எரித்தவர்னு இருக்கு. எரித்தவர்கள்னு இருக்கணும்."

எனக்குப் புரிந்தது.

"நாந்தானப்பா தூக்கிட்டு வந்தேன். ரெண்டு ரெண்டா, மூணு நடை. 'தமயந்தி, அம்மா புஸ்தகமெல்லாம் எடுத்துட்டு வா பாப்போம்'னு சொன்னீங்க. நீங்க கேம்ப்புலேருந்து வந்தா என்கூடப் பேசவே மாட்டீங்க. அன்னைக்குத்தான் கூப்பிட்டு ஒரு வேலை சொன்னீங்க. எனக்கு அவ்வளவு சந்தோசம். ஓடி ஓடி எடுத்துட்டு வந்தேன். தாளைக் கிழிச்சு நீட்டினேன். நீங்க வாங்கி வாங்கிப் போட்டீங்க. அம்மா உள்ள வரும்போது கடைசிப் புஸ்தகம் என் கையிலதான் இருந்துச்சு. அம்மா உங்களைப் பாக்கல. என்னைத்தான் பாத்தா."

"நீ ஆறு வயசுப் பிள்ளை."

"அது அம்மாவுக்குத் தெரியும். அதனாலதான் திட்டலை. திட்டியிருந்தா நான் அழுது தீத்திருப்பேன். ஒருநாள்கூட ஒண்ணும் கேக்கல. வழக்கம்போலத் தலை வாரி விட்டா. ஆனா எனக்குக் கதை சொல்றத நிறுத்திட்டா. அதுக்கு முன்ன தினம் சாயங்காலம் ஒரு குற்றாலம் கதை சொல்லுவா, தெரியுமா? கம்பவுண்டர் மாதிரியே குரல் மாத்தி."

தெரியாது.

"உங்க மேல கோவம்னுதான் நான் இங்க வாரதில்லைன்னு நெனச்சீங்க. இந்த வீட்டுக்குள்ள வந்தா அந்த அடுப்படியப் பாக்கணுமேப்பா. அம்மா கடைசியில ஆஸ்பத்திரியில கெடக்கும்போது சொல்லிரணும்னு நெனச்சேன். 'அம்மா, நாந்தான் எடுத்துக் குடுத்தேன்'னு. மூணு நாள் பக்கத்துல இருந்தேன். வாய் வரல."

நான் சொல்ல நினைத்தவை பல. தப்பு என்னுடையது, உன்னுடையது அல்ல என்று சொல்லவேண்டும். அப்போது உன்னை அனுப்பியதை நான் மறக்கவில்லை, எழுதத்தான் தைரியம் இல்லை என்று சொல்லவேண்டும். அட்டையில் உன் பெயர் வராது என்று சொல்லவேண்டும். இதில் கடைசியை மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனால் நிறுத்தவில்லை.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று சொன்னாள். கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மாவும் அவளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று சொன்னாள். பிசியோதெரபிக்கு அவளிடம் வருகிற ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னாள். அந்தக் கிழவருக்கு என் சாடை இருக்கிறதாம். அதற்காகவே அவருக்கு வலிக்கும்படி கையைத் திருகிவிடத் தோன்றும் என்று சொல்லிச் சிரித்தாள். உடனே அழுதாள். தம்பியைப் பற்றிச் சொன்னாள். அவன் பெயர் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

பத்து மணி திறக்கும் நேரம். வாசலில் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. ஜன்னலில் பார்த்தேன். குழந்தை குட்டியோடு பதினைந்து பதினாறு பேர். வெளியூர்க்காரர்கள். பத்திரிகைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கதவைத் தட்டினார்கள்.

"யாரோ வந்திருக்காங்கப்பா" என்றாள் தமயந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இன்று விடுமுறை என்று உள்ளேயிருந்தே சத்தம் போட்டுச் சொன்னேன். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.